பாட்டு டீச்சருக்கு லைசென்ஸ் கிடையாது... அப்போ குரலை யாரை நம்பி ஒப்படைப்பது? ‘நேட்ஸ்’ சங்கத்தின் கதை

2020 மே 5. கொரோனாவுக்குப் பயந்து உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நேரம். அமெரிக்காவில் பாட்டு ஆசிரியர்களின் தேசிய சங்கமான ‘நேட்ஸ்’, சில கோரஸ் அமைப்புகளுடன் சேர்ந்து ஆன்லைனில் ஒரு கூட்டம் நடத்தியது. கேட்க வந்தவர்களின் மனதில் இருந்தது ஒரே கேள்வி: மறுபடியும் எப்போ சேர்ந்து பாடலாம்?

தொண்டை மருத்துவர் லூசிண்டா ஹால்ஸ்டெட் சொன்ன பதில் கசப்பானது. தடுப்பூசியும் நல்ல சிகிச்சையும் வரும்வரை, ஒரே அறையில் சேர்ந்து பாடுவதற்குப் பாதுகாப்பான வழி இல்லை.

காரணம் இருந்தது. அதே ஆண்டு மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாகாணத்தில் ஸ்காஜிட் வேலி கோரஸ் குழுவினர் 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தார்கள். அவர்களில் 53 பேருக்கு கொரோனா உறுதியானது அல்லது வந்திருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. இரண்டு பேர் இறந்தார்கள்.

பாடச் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்களின் சங்கம், தன் ஆட்களின் வருமானத்திலேயே கைவைக்கும் ஒரு பதிலை ஏன் மேடை போட்டுச் சொல்ல வைத்தது? அதைப் புரிந்துகொள்ள, இந்தச் சங்கம் எதற்காக உருவானது என்று பார்க்கணும்.

பிரச்னை எங்கே இருக்கிறது?

கிட்டார் வாத்தியார் உங்கள் விரலைப் பார்த்துத் திருத்தலாம். குரல் அப்படி இல்லை. சத்தத்தை உண்டாக்கும் குரல் நாண்கள் குரல்வளைக்குள் ஒளிந்திருக்கின்றன. நீளம் சுமார் 1 முதல் 2 சென்டிமீட்டர். நீங்கள் 440 ஹெர்ட்ஸ் சுருதியில் பாடினால், அவை நொடிக்கு 440 முறை அதிர்கின்றன. டீச்சராலும் பார்க்க முடியாது, உங்களாலும் பார்க்க முடியாது.

பார்க்க முடியாத இடத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம் இல்லையா? அமெரிக்காவில் முடி வெட்டுவதற்குக்கூட மாகாண அரசின் லைசென்ஸ் வேண்டும். வீட்டில் போர்டு மாட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க எந்த லைசென்ஸும் வேண்டாம். தப்பான பயிற்சியில் தொண்டையைக் கெடுத்துக்கொண்டால், நஷ்டம் மாணவருக்குத்தான்.

கண்ணாடியில் தெரிந்த குரல்

இந்த இருட்டில் முதல் வெளிச்சம் அடித்தவர், தன் குரலையே இழந்த ஒருவர். பெயர் மானுவல் கார்சியா. பிறந்தது 1805, ஸ்பெயினில். புகழ்பெற்ற ஓபரா பாடகரின் மகன். இளம் வயதிலேயே அப்பாவின் குழுவில் பாடிப் பாடிக் குரல் களைத்துப்போக, மேடையை விட்டுவிட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தார்.

1841-ல் ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் பாரிஸில் அவரைத் தேடி வந்தார். 20 வயதுதான். ஆனால் அளவுக்கு மீறிப் பாடியதில் குரல் தேய்ந்துபோயிருந்தது. கார்சியா உடனே பாடம் ஆரம்பிக்கவில்லை. சில வாரங்களுக்குக் குரலுக்கு முழு ஓய்வு கொடுத்துவிட்டு வரச் சொன்னார். ஓய்வுக்குப் பிறகு அவரிடமே படித்த லிண்ட், பின்னாளில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கட்டிப்போட்ட பாடகி ஆனார்.

1854-ல் கார்சியா, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பினார். பாடும்போது தன் குரல் நாண்கள் எப்படி அசைகின்றன என்று நேரில் பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது. காது-மூக்கு-தொண்டை மருத்துவர்கள் அந்த முறையைத் தங்கள் துறைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1905-ல் அவருடைய 100-வது பிறந்தநாளை லண்டனில் பாடகர்களோடு சேர்ந்து தொண்டை மருத்துவர்களும் கொண்டாடினார்கள்.

1944: டீச்சர்கள் ஒரே கூரையின் கீழ்

கண்ணாடி வந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. ஒவ்வொரு டீச்சரும் ‘என் முறைதான் உண்மையான இத்தாலிய முறை’ என்று சொல்லிக்கொண்டார்கள். நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் ஏற்கெனவே இருந்த ஆசிரியர் அமைப்புகள் கைகோத்து, 1944-ல் சின்சினாட்டி நகரில் நேட்ஸைத் தொடங்கின. முதல் தலைவர் ஜான் வில்காக்ஸ். தொடங்கிய ஆண்டிலேயே ஒரு பத்திரிகையும் வந்தது. ‘ஜர்னல் ஆஃப் சிங்கிங்’ என்ற பெயரில் அது இன்றும் வருகிறது.

அரசு கொடுக்காத லைசென்ஸுக்குப் பதிலாக, சங்கம் ஒரு நெறிமுறையை வைத்தது. உங்கள் தகுதியைப் பற்றி நேர்மையாகச் சொல்லுங்கள், இன்னொரு டீச்சரின் மாணவரை ஆசை காட்டி இழுக்காதீர்கள் என்கிற மாதிரி விஷயங்கள் அதில் உண்டு. இன்று இதில் 7,000-க்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

‘நிரூபிச்சுக் காட்டு’ என்று சொன்ன தலைவர்

சங்கத்தின் போக்கை மாற்றியவர்களில் முக்கியமானவர் வில்லியம் வென்னார்ட். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாட்டு ஆசிரியர். உலகப் புகழ்பெற்ற பாடகி மர்லின் ஹார்ன் இவருடைய மாணவி. 1960-களில் நேட்ஸ் தலைவராகவும் இருந்தார்.

அப்போது ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. 1950-ல் பிரான்ஸின் ரௌல் ஹுஸ்ஸோன், ‘குரல் நாண்களின் ஒவ்வொரு அதிர்வையும் மூளையிலிருந்து வரும் நரம்புத் துடிப்புதான் உண்டாக்குகிறது’ என்றார். கேட்க நன்றாக இருந்தது. சிலர் நம்பவும் செய்தார்கள்.

நெதர்லாந்து விஞ்ஞானி யான்வில்லம் வான் டென் பெர்க் மறுத்தார். இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த குரல்வளையில் காற்றைச் செலுத்தினார். நரம்போடு எந்தத் தொடர்பும் இல்லை, ஆனாலும் நாண்கள் அதிர்ந்தன, சத்தம் வந்தது! மூளையும் தசையும் நாண்களைத் தயார் நிலையில் வைக்கின்றன. அதிரவைப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்று. அதைப் படமாக்கிய குழுவில் வென்னார்டும் ஒருவர். படம் 1960-ல் வெளியானது. ஒரு பாட்டு வாத்தியார் ஆய்வகத்தில் விஞ்ஞானியோடு நின்றது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை.

அந்த வழி தொடர்ந்தது. குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே சங்கத்தின் பத்திரிகையில் பல ஆண்டுகள் பத்தி எழுதினார். இன்று பல பாடகர்கள் செய்கிற, ஸ்ட்ராவை வாயில் வைத்துச் சுருதி பிடிக்கும் பயிற்சியைப் பிரபலமாக்கியவர் அவர்தான். ‘உதரவிதானத்திலிருந்து பாடு’ என்ற பழைய அறிவுரையையும் இந்தத் தலைமுறை திருத்தியது. உதரவிதானம் மூச்சை உள்ளே இழுக்கும் தசை. பாடும்போது வெளியேறும் காற்றை அளந்து விடுவதில் வயிற்றுத் தசைகளுக்கும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

எங்கே சறுக்கினார்கள்?

இவர்களின் உலகம் ரொம்ப நாள் ஓபராவையே சுற்றிவந்தது. பாப், ராக், பிராட்வே மேடையில் உரக்கப் பாடும் ‘பெல்டிங்’ எல்லாம் ‘குரலைக் கெடுக்கும் சமாச்சாரம்’ என்றே பல டீச்சர்கள் ஒதுக்கினார்கள். விளைவு? அந்தப் பாடகர்களுக்குத்தான் வழிகாட்டி தேவைப்பட்டது, அவர்களுக்குத்தான் கிடைக்கவில்லை.

இதை எதிர்த்தவர்களில் ஒருவர் ஜீனெட் லோவெட்ரி. இந்தப் பாணிகளை ‘கிளாசிக்கல் அல்லாதது’ என்று இல்லாததை வைத்து அழைக்காமல், ‘தற்கால வணிக இசை’ என்று தனிப் பெயர் சொல்லி அழைக்கவைத்தார். 2008-ல்தான் அமெரிக்கப் பாட்டு ஆசிரியர் அகாடமி, இந்தப் பாணிகளுக்குத் தனிப் பயிற்சி முறை தேவை என்று அறிக்கை விட்டது. லேட்தான்.

இன்னொரு குறை இன்றும் உண்டு. நேட்ஸ் உறுப்பினர் அட்டை அரசு உரிமம் கிடையாது. மோசமான டீச்சரை ‘நீ பாடமே நடத்தக் கூடாது’ என்று தடுக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை.

அப்போ சங்கத்தால் என்ன பிரயோஜனம்?

‘எங்களுக்கு எல்லாம் தெரியும்’ என்று சொல்வதைவிட, ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று சொல்வதில்தான் அது இருக்கிறது. 2005-ல் நேட்ஸ், ஸ்பீச் தெரபிஸ்ட்களின் சங்கம், பேச்சுக் குரல் பயிற்சியாளர்களின் சங்கம் மூன்றும் சேர்ந்து யாருக்கு எந்த வேலை என்று அறிக்கை வெளியிட்டன. டீச்சர் பாடும் முறையைத் திருத்தலாம். தொண்டையில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை.

2020 மே மாதக் கூட்டமும் அதே வகைதான். அன்றைக்கு நேட்ஸின் செயல் இயக்குநர் ஆலன் ஹெண்டர்சன். சங்கம் ‘பயப்படாதீங்க, பாடுங்க’ என்று ஆறுதல் சொல்லியிருக்கலாம். அதைச் செய்யாமல் மைக்கை மருத்துவரிடம் கொடுத்தது. பிறகு கொலராடோ, மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வுகள், மாஸ்க், இடைவெளி, நல்ல காற்றோட்டம், குறைந்த நேரம் என்று ஆபத்தைக் குறைக்கும் வழிகளைச் சொன்னபோது கதவு மெல்லத் திறந்தது.

நீங்கள் கிளாஸ் சேரப் போகிறீர்களா?

‘30 நாளில் பின்னணிப் பாடகர் ஆகலாம்’ என்று ரீல்ஸில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். பணம் கட்டும் முன் இந்த நாலையும் கவனியுங்கள்:

• வலித்தால் என்ன சொல்கிறார்? ‘பழகினால் சரியாகும்’ என்றால் யோசியுங்கள். நல்ல டீச்சர் நிறுத்தச் சொல்வார்.

• குரல் கம்மினால்? நாலு வாரத்தில் சரியாகவில்லை என்றால் குரல்வளையைப் பரிசோதிக்கணும் என்கிறது அமெரிக்க காது-மூக்கு-தொண்டை மருத்துவர்களின் 2018 வழிகாட்டுதல். நாட்டு மருந்து சொல்லி டாக்டரிடம் போகவிடாமல் தடுப்பவர் வேண்டாம்.

• நீங்கள் பாட விரும்பும் பாணி அவருக்குத் தெரியுமா? கர்நாடக சங்கீதம், சினிமாப் பாட்டு, ராக் மூன்றும் தொண்டையிடம் கேட்பது வேறு வேறு.

• ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வாரா? கார்சியா அன்றைக்குத் தெரிந்த மாதிரியே பாடம் நடத்திக்கொண்டிருந்தால், கண்ணாடியைக் கையில் எடுத்திருக்கவே மாட்டார்.

கிட்டாரில் கம்பி அறுந்தால் புதுசு மாட்டலாம். குரல் நாணுக்குக் கடையில் ஸ்பேர் கிடையாது. அதனால் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இந்த நாலையும் கேட்டுவிடுங்கள்.