பதவி மாறினால் பக்கம் யாருக்கு?

புது தில்லி: ஆட்சி மாறும்போது அமைச்சர்கள் அரசு பங்களாவைக் காலி செய்வதற்கு விதிமுறை உண்டு. கோப்புகளை ஒப்படைப்பதற்கும் நடைமுறை உண்டு. ஆனால், பதவியில் இருப்பவரின் பெயரில் இணையத்தில் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் பக்கங்களையும் கணக்குகளையும் யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் தலைநகருக்கு உறைத்தது.

பிரதமர் அலுவலகம் 2012 ஜனவரியில் ட்விட்டரில் கணக்குத் தொடங்கியது. மன்மோகன் சிங் விடைபெற்றபோது அதைப் பின்தொடர்ந்தவர்கள் 12 லட்சத்துக்கும் அதிகம். புதிய அரசு பதவியேற்பதற்குச் சில நாள்களே இருந்த நிலையில், அந்தக் கணக்கின் பெயருடன் 'ஆவணக் காப்பகம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் சேர்க்கப்பட்டது. பழைய பதிவுகளைப் பாதுகாக்கவே இந்த ஏற்பாடு என்று அன்றைய அலுவலகத் தரப்பு விளக்கியது. கணக்கு அரசின் சொத்து, தனிநபருடையது அல்ல என்று பாஜக கண்டித்தது. இறுதியில் பழைய பெயர் புதிய அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது.

இரு தரப்பு வாதத்திலும் நியாயம் இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பெயர்ப் பலகை அலுவலகத்துக்கு உரியது. அதன்கீழ் பேசப்பட்ட பேச்சு அந்தக் காலத்துக்கு உரியது. இரண்டையும் பிரித்து வைக்க அன்று எந்த ஏற்பாடும் இல்லை. இணையதளத்தைப் பொருத்தவரை சிக்கல் எழவில்லை. வாஜ்பாய், மன்மோகன் சிங் காலப் பக்கங்கள் அரசின் தனி இணையதளத்தில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. 2017 ஜூலையில் குடியரசுத் தலைவர் மாளிகை இதை இன்னும் நேர்த்தியாகச் செய்தது. பிரணாப் முகர்ஜி காலப் பதிவுகள் 13-ஆவது குடியரசுத் தலைவரைக் குறிக்கும் தனிக் கணக்குக்கு மாற்றப்பட்டன. மாளிகையின் கணக்கு ராம்நாத் கோவிந்துக்குச் சென்றது. பிரணாப் தமக்கெனப் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் தம்மைக் 'குடிமகன் முகர்ஜி' என்று குறிப்பிட்டுக் கொண்டார்.

சிக்கல் முற்றுவது சொந்தக் கணக்குகளில்தான். நரேந்திர மோடியின் சொந்த ட்விட்டர் கணக்கு, அவர் குஜராத் முதல்வராக இருந்த 2009-இல் தொடங்கப்பட்டது. முதல்வரின் பேச்சு, கட்சி வேட்பாளரின் பேச்சு, பிரதமரின் பேச்சு மூன்றும் ஒரே சரடில் கோக்கப்பட்டுள்ளன. இது தவிர அவருக்குச் சொந்த இணையதளம், செயலி, பிரதமர் அலுவலகத்தின் இணையதளம், கணக்குகள் என்று பலவும் உண்டு. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், அரசு அலுவலகங்களில் கணினி வழி உருவானவற்றையும் ஆவணமாக ஏற்கிறது. ஆனால், அமைச்சர் தம் சொந்தக் கணக்கில் வெளியிடும் அரசு அறிவிப்பு எந்த வகையில் சேரும் என்பதற்கு அச்சட்டத்தின் சொற்களிலிருந்து நேரான விடை கிடைப்பதில்லை. அச்சட்டம் எழுதப்பட்ட காலத்தில் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதியே கிடையாது.

பூட்டுகள் பெருகினால் திருடனுக்கும் வழிகள் பெருகும். 2020 செப்டம்பரில் மோடியின் சொந்த இணையதளத்தோடு இணைந்த ட்விட்டர் கணக்கில் ஊடுருவியவர்கள் மெய்நிகர் நாணயத்தில் நன்கொடை கேட்டனர். 2021 டிசம்பரில் அவரது முதன்மைக் கணக்கிலேயே, பிட்காயினை இந்தியா சட்டபூர்வ நாணயமாக ஏற்றுவிட்டதாகப் பொய்ச் செய்தி சிறிது நேரம் இடம்பெற்றது.

திருடன் வராவிட்டாலும் வீட்டுக்காரர் கதவை அடைக்கலாம். 2021 ஜூன் 25-ஆம் தேதி, தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சராக இருந்த ரவிசங்கர் பிரசாத்தின் கணக்கை, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் வந்த புகாரைக் காட்டி ஏறத்தாழ ஒரு மணி நேரம் ட்விட்டர் நிறுவனம் முடக்கியது. அதே ஆண்டில் உள்நாட்டு நிறுவனமான 'கூ'வில் மத்திய அமைச்சர்கள் பலர் கணக்குத் தொடங்கி, மக்களையும் அங்கு அழைத்தனர். 2024 ஜூலையில் 'கூ' தன் சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. சுதேசிக் கூடும் நிலைக்கவில்லை.

பதவியோடு முடியாத கணக்குகளும் உண்டு. 2009 தேர்தலையொட்டி வலைப்பதிவு தொடங்கிய எல்.கே. அத்வானி, காந்திநகரில் மீண்டும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பின் 2019 ஏப்ரல் 4-ஆம் தேதி தம் மனத்தில் இருந்ததைச் சொல்லத் தேர்ந்தெடுத்த இடம் அந்த வலைப்பதிவுதான். அரசியலில் தங்களிடமிருந்து மாறுபடுபவர்களை பாஜக ஒருபோதும் தேச விரோதிகளாகக் கருதியதில்லை என்று அவர் அதில் எழுதியது பல நாள்கள் பேசப்பட்டது. மாறாக, ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2015 ஜூலை 27-ஆம் தேதி காலமான சில நாள்களிலேயே, அவரது கணக்குகளை இனி யார் நடத்துவது என்று உதவியாளர் ஒருவருக்கும் கலாமின் அலுவலகத்துக்கும் இடையே பிரச்னை எழுந்தது.

வேட்பாளர்களுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு உள்ளது. தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரில் பிறப்பித்த உத்தரவுப்படி, வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் அவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளையும் குறிப்பிட வேண்டும். வாக்கு கேட்கும்போது பெறப்படும் இந்தப் பட்டியல், வென்று அமைச்சரான பின் அந்தக் கணக்குகளில் வெளியாகும் அரசு அறிவிப்புகளுக்குப் பொருந்துவதில்லை.