பெட்டாலிங் குன்றில் பிறந்த வானொலி

கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் ரயில் ஏறினால், சில நிமிடங்களில் அங்காசாபுரி நிலையம் வந்துவிடும். தமிழ் வானொலியான மின்னல் எஃப்.எம். ஒலிபரப்பாவது அங்குள்ள அங்காசாபுரி வளாகத்திலிருந்துதான். ஆனால் அங்காசாபுரி எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வானொலி பேசத் தொடங்கிவிட்டது. பேச வைத்தவர்கள், ஆர்வத்தால் கருவிகளோடு மல்லுக்கட்டிய தனிமனிதர்கள்.

அதற்கு அடித்தளம் இட்டது அறிவியல். 1880களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ், மின்காந்த அலைகள் உண்டென்று ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தார். அடுத்த சில ஆண்டுகளில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் அந்த அலையைச் சுவர் தாண்டி அனுப்பி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். 1901 டிசம்பரில் மார்க்கோனியின் குறிப்பொலி அட்லாண்டிக்கைக் கடந்தது.

அதே 1901இல் போஸ் அமெரிக்காவில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1904இல் அது கிடைத்தது. கலினா என்னும் ஈயத் தாதுக்கல்லைக் கொண்டு அலைகளைக் கண்டறியும் கருவி அது. பின்னாளில் அந்தக் கல்தான் ஏழைகளின் வானொலியானது. உயரத்தில் கட்டிய நீளக் கம்பி அலையை வாங்கும். கம்பிச்சுருள் வேண்டிய நிலையத்தைப் பிரித்தெடுக்கும். கல் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும். காதொலிக் கருவி அதைக் குரலாக்கும். பேட்டரியே வேண்டாம்!

மலாயாவுக்கு வானொலியைக் கொண்டுவந்தவர் ஜொகூர் அரசின் மின்பொறியாளர் பிர்ச், ஆண்டு 1921. கடலுக்கு அப்பால் தமிழகத்திலும் இதே ஆர்வம் எழுந்தது. 1924இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி வானொலிக் கழகம் தொடங்கி, 40 வாட் ஒலிபரப்பியைக் கொண்டு நிகழ்ச்சிகளை வழங்கினார். பணமில்லாமல் 1927இல் கழகம் நின்றது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியைத் தொடர்ந்தது. அதே 1930இல், பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து, மலாயா கம்பியில்லாத் தொடர்புச் சங்கம் 325 மீட்டர் அலைவரிசையில் ஒலிபரப்பியது. நான்கே ஆண்டுகளில் பினாங்கின் கம்பியில்லாத் தொடர்புச் சங்கம் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் பேசியது. ரேடியோ மலாயா என்ற அரசு நிலையம் வந்தது 1946இல்தான். அதன் தலைமையகம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு 1959இல் மாறியது.

ஆக, இம்மண்ணில் தமிழ் வானொலிக்கு வழிதிறந்தவர்கள் ஆர்வலர்களே. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நாம் வானொலியைக் கேட்டுப் பழகிவிட்டோம். செய்து பார்க்க மறந்துவிட்டோம். ஒரு கம்பிச்சுருளைச் சுற்றிப் பார்க்கும் மாணவனுக்கு இயற்பியல் பாடம் கைக்குள் வந்துவிடும்.

வழியும் திறந்தே இருக்கிறது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி உரிமம் பெற்றால், 9டபிள்யூ2 எனத் தொடங்கும் அழைப்புக்குறியோடு ஹாம் ரேடியோ எனும் ஆர்வலர் வானொலியில் பேசலாம். நம் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் கழகங்கள், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நம் இளைஞர் மன்றங்கள் இதைக் கையிலெடுக்கட்டும். பிர்ச்சும் செட்டியும் தொடங்கியபோது அவர்களிடம் இருந்ததும் ஆர்வம் மட்டுமே.