பல்லின் நுனியிலிருந்து அளத்தல்

மேசையின் நடுவிலுள்ள பிளவின் வழியே வட்ட வடிவ ரம்பத் தகடு மேலெழுந்து சுழலும் எந்திரம் மேசை ரம்பம் எனப்படும். கைரம்பத்தால் அறுக்கும்போது மரம் அசையாதிருக்க, ரம்பம் நகரும். இங்கோ தகடு நின்ற இடத்திலேயே சுழல, பலகை அதனை நோக்கித் தள்ளப்படுகிறது. பலகை விலகாமல் செல்வதற்காகத் தகட்டின் பக்கத்தில் நீண்ட நேர்ச்சட்டம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பட்டறைகளில் இதனை 'ஃபென்ஸ்' என்பர். தகட்டுக்கும் இச்சட்டத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவோ, அவ்வளவே அறுபடும் துண்டின் அகலம்.

இத்தொலைவை அளப்பது எளிது போலத் தோன்றும். ஆனால், தகட்டின் எந்த இடத்திலிருந்து அளப்பது? மரத்தை அறுப்பது தகட்டின் உடலன்று, பல். எஃகுத் தகடுகளில் பற்கள் மாறி மாறி இடமும் வலமுமாகச் சாய்க்கப்பட்டிருக்கும். கார்பைடு நுனி பதித்த தகடுகளில் நுனியானது தகட்டின் தடிமனைவிட அகலமானது. இரண்டிலும் பல் சற்றே வெளியே துருத்தி நிற்பதால், சட்டத்தை நோக்கித் துருத்திய பல்லின் நுனியிலிருந்தே அளக்க வேண்டும். தவறினால் அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பிழை நேரலாம். அரை மில்லிமீட்டர்தானே என்று விட இயலாது. அவ்வாறு குறைந்த நான்கு பலகைகளை ஒட்டி மேசைப்பரப்பு அமைத்தால், அது 2 மி.மீ. குறைந்து நிற்கும்.

பல் செல்லும் வழியெல்லாம் மரம் தூளாகிறது. பரவலாக வழங்கும் தகடு ஏறத்தாழ 3.2 மி.மீ. அகலத்தைத் தின்றுவிடும். இஃது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தமிழ்நாட்டுத் தச்சர்கள் இவ்வளவை 'ஒரு நூல்' என்பர். இந்தி வழங்கும் பகுதிகளில் 'சூத்' என்பர். சூத் என்பதற்கும் நூல் என்பதே பொருள். 600 மி.மீ. பலகையிலிருந்து 75 மி.மீ. அகலத்தில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும் என்பது வகுத்தல் கணக்கு. ஏழு முறை அறுத்தபின் 22.4 மி.மீ. தூளாகிவிட, எட்டாம் துண்டுக்கு எஞ்சுவது 52.6 மி.மீ. மட்டுமே.

எந்திரத்தின் முன்புறம் ஓர் அளவுகோலும், சட்டத்தோடு நகரும் சுட்டியும் உண்டு. சுட்டியை நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் கோடு இடம் மாறித் தோன்றும். மேலும், சுட்டி ஒரு குறிப்பிட்ட தகட்டுக்கெனச் சரிசெய்யப்பட்டது. வேறு தடிமனுள்ள தகட்டை மாட்டினால் அது பொய் சொல்லத் தொடங்கும். இதனைக் கண்டறிய, பயனற்ற மரத்துண்டு ஒன்றை அறுத்து வெர்னியர் காலிப்பரால் அளப்பதே சிறந்த வழி. சுட்டி 100 எனக் காட்ட, துண்டு 100.4 மி.மீ. இருந்தால், சட்டத்தை நகர்த்தாமல் சுட்டியின் திருகைத் தளர்த்தி 100.4இல் நிறுத்த வேண்டும். சட்டத்தை நகர்த்துவோர் அந்த ஒரு முறைக்கு மட்டுமே சரிசெய்தவராவர்.

அகலம் சரியாக இருந்தும் ஆபத்து நேரலாம். சட்டம் தகட்டுக்கு இணையாக இல்லாமல் பின்புறம் குறுகியிருந்தால், பலகை பின்பற்களுக்கும் சட்டத்துக்கும் இடையே நெரிபடும். பின்பற்கள் கீழிருந்து மேல்நோக்கி எழுபவை. அவை பலகையைத் தூக்கி, தள்ளுபவர் மீதே வேகமாக எறிந்துவிடும். எனவே முன்னும் பின்னும் அளக்க வேண்டும். மின்செருகியைப் பிடுங்கிய பின்னரே இவ்வேலையில் இறங்க வேண்டும். பொத்தானை அணைத்தது போதாது. ஒரு பல்லில் அடையாளமிட்டு, மேசையில் வெட்டப்பட்டுள்ள நீண்ட பள்ளத்திலிருந்து அதன் தொலைவை முன்புறத்தில் அளந்து, தகட்டைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்புறத்திலும் அளக்க வேண்டும். வேறு பல்லை எடுத்தால், தகட்டின் நெளிவும் அளவில் கலந்துவிடும். இரண்டும் ஒத்திருந்தால், அடுத்துச் சட்டத்துக்கும் பள்ளத்துக்கும் இடையிலான தொலைவை இருமுனைகளிலும் பார்க்க வேண்டும். பின்முனை மயிரிழை அளவு அகன்றிருப்பதைத் தச்சர் சிலர் விரும்புவர். குறுகியிருப்பதை எவரும் விரும்புவதில்லை.