பில் கட்டில் பிசகானவை எத்தனை?

வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். ஆனால் 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து, அங்கிருந்து நம் கடைக்கு அனுப்பப்படும் வரிக்குரிய சிறு மூட்டைகூட வெளிமாநிலச் சரக்குதான். அனுப்புகிறவர் ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். பழக்க தோஷத்தில் உள்ளூர் பில்போல் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பிரித்துப் போட்டுவிட்டால், அந்த வரியைக் காரைக்காலில் நாம் உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. கைக்காசு போகும்.

மாதக் கட்டில் அப்படிப்பட்ட பில்கள் எத்தனை என்று கம்ப்யூட்டரையே எண்ணச் சொல்லலாம். அதற்கு 'லாம்டா' என்றொரு வழி உண்டு. 1930-களில் அலோன்சோ சர்ச் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் பயன்படுத்திய கிரேக்க எழுத்தின் பெயர் அது. பெயர் மிரட்டினாலும் விஷயம் எளிது. கடைப் பையனிடம், "இந்த மாதம் காலாவதியாகும் பாக்கெட்டை மட்டும் எண்ணு" என்கிறோம் அல்லவா? அந்தச் சொல்லுக்கு நாம் பெயர் வைப்பதில்லை. அப்போதைக்குச் சொல்கிறோம், அவ்வளவுதான். லாம்டாவும் அதேபோல் பெயரில்லாத ஒரு சிறு விதி.

ஐந்து பில்களை வரிசையாகப் பதிந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வரிசையைத்தான் புரோகிராம் எழுதுவோர் 'அரே' என்பர். அனுப்பியவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. நம் பில்களில் அவை 33, 34, 33, 33, 34. சி.ஜி.எஸ்.டி. தொகை முறையே 0, 45, 0, 90, 60. விதி: "குறியீடு 33, சி.ஜி.எஸ்.டி. பூஜ்யத்துக்கு மேல்." கம்ப்யூட்டர் ஒவ்வொரு பில்லாக எடுத்து விதியைக் கேட்கும். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. கூட்டினால் 1. சிக்கியது நான்காவது பில்.

பைத்தானில் இது ஒரே வரி. ஜாவாவில் 2014-ல் வெளியான எட்டாம் பதிப்பு முதல் உண்டு. புரோகிராம் எழுதாதவர்களுக்கு எக்செலின் 'கவுண்ட்இஃப்ஸ்' போதும். மாநிலக் குறியீட்டைத் தனிப் பத்தியில் போட்டுக்கொண்டால் சரி.

ஒரு இடத்தில் மட்டும் உஷார் தேவை. ஜி.எஸ்.டி. எண்ணில் எழுத்துகளும் கலந்திருப்பதால் கம்ப்யூட்டர் அதை எழுத்தாகவே வைத்திருக்கும். அதிலிருந்து எடுத்த 33-ஐ பைத்தானில் எண்ணாகிய 33-உடன் ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது. விடை பூஜ்யம் வரும். பில்களெல்லாம் சுத்தம் என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். ஆகவே தவறானது என்று தெரிந்த ஒரு பில்லைச் சேர்த்து முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை கிடைத்தபின், அதே விதியை 'ஃபில்டர்' கட்டளையிடம் கொடுத்தால் அந்தப் பில்களையே பிரித்துத் தரும். அனுப்பியவருக்குப் போன் செய்து திருத்தம் கேட்க அதுதான் வேண்டும்.