கடையின் பெயர் போட்ட பாக்கெட்: பொறுப்பு யாருக்கு?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் போனால் உப்பளங்கள் கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்து கிடக்கும். அங்கே வெயிலில் வெந்து வாரிய உப்பு ஆலைக்குப் போய், கழுவி அரைபட்டு, அயோடின் சேர்ந்து, ஒரு கிலோ பாக்கெட்டாகி ஊர் ஊராகப் புறப்படுகிறது. ஒரே ஆலை பல பெயர்களுக்குப் பாக்கெட் போட்டுக் கொடுப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். டிவி விளம்பரத்தில் பார்த்த பெயரும் அதில் இருக்கலாம். நாம் வாராவாரம் சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டின் பெயரும் இருக்கலாம்.

இந்த இரண்டாவது வகை இன்று அலமாரிகளை வேகமாகப் பிடித்து வருகிறது. ரிலையன்ஸ் கடைகளில் ‘குட் லைஃப்’, டிமார்ட்டில் ‘பிரீமியா’ என்று பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தப் பெயர்கள் உண்டு. டொரொண்டோவில் குடியேறிய நம்மவர்களைக் கேட்டால் காஸ்ட்கோ கடைகளின் ‘கிர்க்லாண்ட் சிக்னேச்சர்’ பற்றிச் சொல்வார்கள். 1995-இல் தொடங்கிய அந்தப் பெயர் அரிசி மூட்டையிலிருந்து பேட்டரிவரை நிற்கிறது. நம் அரசும் இதைச் செய்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு எடுக்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2014-இல் ‘அம்மா உப்பு’, 2022-இல் ‘நெய்தல்’ உப்பு என்று சொந்தப் பெயரில் கொண்டுவந்தது. நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் துவரம் பருப்பு, ரவை, மிளகாய்த்தூள், முந்திரி எல்லாம் கடையின் பெயர் போட்ட கவரில் வரத் தொடங்கிவிட்டன.

விலை ஏன் குறைகிறது என்பதில் மர்மம் இல்லை. விளம்பரச் செலவு கிடையாது. நடுவில் ஏஜென்ட், டீலர் கமிஷன் கிடையாது. அலமாரியில் நல்ல இடம் பிடிக்க யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை, அலமாரியே கடைக்காரருடையது. ஆகவே விலை குறைவு என்றாலே தரம் குறைவு என்று ஒதுக்குவது சரியில்லை. உப்பு, சர்க்கரை, ரவை, உளுந்து போன்றவற்றைக் கடைப் பெயரில்தான் நான் வாங்குகிறேன். கண்ணால் பார்த்தால் தெரிகிற பொருள்கள் இவை. பருப்பு சீராக உடைந்திருக்கிறதா, தூசி தங்கியிருக்கிறதா என்று கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாலே போதும்.

அரைத்த பொருளுக்கு வரும்போது என் கை தயங்குகிறது. மிளகாய்த்தூளிலும் மல்லித்தூளிலும் எது எவ்வளவு கலந்தது என்று கண் சொல்லாது. வற்றலை வாங்கி மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளும் வசதி இன்னும் இந்த ஊரில் இருக்கிறது. இருக்கும்வரை அதையே செய்வேன். கருப்பட்டியும் அப்படித்தான். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிச் சர்க்கரைப் பாகு கலந்த கருப்பட்டியும் விற்கிறது. பதநீர் இறங்குவதே ஆண்டில் சில மாதங்கள்தான், பனை ஏறுபவர்களும் குறைந்துவிட்டார்கள். பிறகு ஆண்டு முழுக்க அடிமாட்டு விலைக்கு எப்படிக் கிடைக்கும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எந்தக் கடையின் பெயரைப் போட்டிருந்தாலும் கேள்வி அதுவே.

எண்ணெய் அலமாரியில் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நல்லெண்ணெய்க்குப் பக்கத்திலேயே, அதே நிறத்தில், ஏறக்குறைய அதே பாட்டிலில் ‘தீப எண்ணெய்’ நிற்கும். விலை பாதிக்குக் கீழே இருக்கும். சமையலுக்கு அல்ல என்ற வரி பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். வயதானவர்கள் இதை எடுத்துப் போய்த் தாளித்துவிடுகிற ஆபத்து நிஜமானது. அடுத்தது அளவு. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். பக்கத்தில் அதே உயரத்தில் நிற்கும் இன்னொரு கவரில் 850 கிராம் என்று போட்டிருந்தால், அதில் 60 கிராம் குறைவு. கைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பில்லில்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் கணக்குப் போட்டால்.

இந்த அளவு விளையாட்டுக்கு ஒரு பின்னணி உண்டு. முன்பு பருப்பு, எண்ணெய், மாவு போன்ற பல பொருள்களை 100, 200, 500 கிராம், ஒரு கிலோ என்று சட்டம் வகுத்த அளவுகளில்தான் பாக்கெட் போட முடிந்தது. பொட்டலப் பொருள்கள் விதிகளில் 2021 நவம்பரில் வந்த திருத்தம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும் என்றது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கிலும், அதற்கு மேற்பட்டதில் கிலோ கணக்கிலும் இருக்கும். ஒரு கிலோ துவரம் பருப்பு 180 ரூபாய், பக்கத்தில் கடைப் பெயரில் 900 கிராம் 168 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் 12 ரூபாய் மிச்சம் என்றுதான் தோன்றும். 168-ஐ 900-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ 186 ரூபாய் 67 காசு. மிச்சம் என்று நினைத்தது கிலோவுக்கு 6 ரூபாய் 67 காசு நஷ்டம்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: பாக்கெட்டில் அச்சடித்த கிராம் விலை எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. கடை தரும் ஆஃபர் விலைக்கு நாம்தான் கணக்குப் போட வேண்டும். கடைப் பெயர்ப் பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யை நிர்ணயிப்பவரும் தள்ளுபடி அறிவிப்பவரும் ஒரே ஆள். முதலில் 250 என்று அச்சடித்து, பிறகு 40 சதவீதம் குறைத்து 150 என்று எழுதினால், அந்த 40 சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. பக்கத்துப் பெயரின் கிலோ விலையோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடைசியாக 1961-இல் நடந்ததுவரை, கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எடுத்தவருக்கு முத்து கிடைக்கலாம், வெறும் ஓடும் மிஞ்சலாம். கேட்க நாதி கிடையாது. மூடிய மளிகைப் பாக்கெட்டை நாம் அப்படி வாங்க வேண்டியதில்லை. உள்ளே என்ன, எவ்வளவு, யார் செய்தது, எப்போது செய்தது, யாரிடம் புகார் சொல்வது என்பதெல்லாம் வெளியே இருக்க வேண்டும் என்பது சட்டம். உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண்ணைத் தேடுங்கள். பெயருக்குச் சொந்தக்காரர் ஒருவர், செய்தவரோ பாக்கெட் போட்டவரோ வேறொருவர் என்றால் அவருடைய உரிம எண்ணும் இருக்க வேண்டும். எண்ணை அந்த ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு கிலோ பாக்கெட்டில் எடை 15 கிராம்வரை முன்னே பின்னே இருக்க விதி இடம் தருகிறது. அதற்கு மேல் குறைந்தால் அது குற்றம். உப்பாக இருந்தால் கடைக்கு வந்து சேரும்போதும் 15 பிபிஎம் அளவாவது அயோடின் இருக்க வேண்டும். கடல் காற்றில் ஈரம் அதிகம் உள்ள நம் ஊரில் உப்புக் கவரைத் திறந்தபடி வைக்காமல் மூடி வைப்பது நம் பங்கு.

அண்ணாச்சி கடையில் சாமான் வாங்கிய தலைமுறைக்கு இந்த எழுத்தெல்லாம் தேவைப்படவில்லை. “அண்ணாச்சி, பருப்புல வண்டு” என்றால் “கொண்டாங்க, மாத்தித் தாரேன்” என்பதோடு முடிந்தது. பொருளுக்கு அவர் முகமே ஜாமீன். ஒருமுறை பெரிய கடையில் நான் கடைப் பெயர் போட்ட ரவை வாங்கி, வீட்டில் பிரித்தால் வண்டு நெளிந்தது. பில்லோடு திரும்பப் போனேன். கவுன்டரில் இருந்த தம்பி கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது எங்க தப்பு இல்ல. பேக் பண்ற கம்பெனி வெளியூர்ல இருக்கு. பின்னாடி நம்பர் இருக்கு, அவங்ககிட்ட பேசிக்கோங்க” என்றார். “முன்னாடி யார் பேரு போட்டிருக்கு தம்பி?” என்று கேட்டேன். அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். பணம் திரும்பி வந்தது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நமக்கும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொறுப்பு யாருக்கு என்பதைத் தெளிவாகவே சொல்கிறது. பிறர் செய்த பொருளின் மேல் தன் பெயரை, தன் அடையாளத்தைப் போடுகிறவரும் உற்பத்தியாளர்தான். பிறருடைய பிராண்டை விற்கும்போது, அந்தப் பொருளால் நமக்கு உடல்நலக் கேடு வந்தால் கடைக்காரர் விற்பனையாளர் என்ற முறையில் சில சூழ்நிலைகளில் மட்டும் பொறுப்பாவார். தன் பெயர் போட்ட பொருளால் கேடு வந்தால் உற்பத்தியாளருக்கு உள்ள முழுப் பொறுப்பும் அவர் தலையில்தான். செய்முறையில் குறை என்றோ, எச்சரிக்கை போதவில்லை என்றோ நிரூபணமானால் இழப்பீடு கேட்கலாம். ‘சப்ளையர் ஏமாற்றிவிட்டார்’ என்பது அவர்கள் இருவருக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு, நம்மிடம் செல்லாது. பெயர் தரும் லாபத்தை எடுத்துக்கொள்பவர் அந்தப் பெயரின் சுமையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது.

வண்டு, கெட்ட வாடை, எடைக் குறைவு போன்ற சாதாரணக் குறைகளுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே நேர்மையற்ற வணிக முறை என்று அதே சட்டம் சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள். பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பலரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி கவசம் ஆகாது.

முன்னெச்சரிக்கையாகச் சில வேலைகள் உண்டு. சூப்பர் மார்க்கெட் பில்லின் எழுத்து சில வாரங்களில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். சாமானை டப்பாவில் கொட்டியதும் கவரைக் குப்பையில் போடுவதுதான் நம் வழக்கம். பேட்ச் எண்ணும் தேதியும் உள்ள துண்டை மட்டும் கத்தரித்து டப்பாவுக்குள் போட்டு வைத்தால், பொருள் தீரும்வரை ஆதாரம் கையில் இருக்கும். சந்தேகம் வந்தால் மீதியை அப்படியே மூடி எடுத்து வைக்க வேண்டும்; சலித்து, கழுவி, வெயிலில் காயப் போட்டுவிட்டுப் புகார் சொன்னால் ஆதாரம் போய்விடும்.

கலப்படம், காலாவதி, பொய்யான லேபிள் என்றால் மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலரிடம் போகலாம். உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் இருக்கிறது. வாங்குகிற நாமே பொருளைப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடையில் சொல்லிவிட வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். பொருள் சட்டப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். எடை, எம்.ஆர்.பி., கிராம் விலை தொடர்பான புகார் என்றால் அது தொழிலாளர் துறையின் வேலை. தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள். அதிலும் தீராவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம்வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. கடையின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவில் எதிர்த்தரப்பு என்ற இடத்தில் வெளியூர் பேக்கிங் கம்பெனியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடாதீர்கள். கவரின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவரை முதல் எதிர்த்தரப்பாகப் போடுங்கள்.