காந்தம் எங்கே?

கொல்கத்தாவின் மின்கட்டணத்தைக் குறைக்கும் புது விசிறி, பழுது பார்ப்பவரின் தொழிலையும் மாற்றுகிறது.

ஏப்ரல் மாதக் கொல்கத்தாவில் மின்விசிறி ஆடம்பரம் அல்ல. சட்டை உலராத அந்தப் புழுக்கத்தில் அது நின்றால் தூக்கம் போய்விடும். 75 வாட் இழுக்கும் பழைய விசிறிகளின் இடத்தில் இப்போது சுமார் 30 வாட்டில் ஓடும் 'பி.எல்.டி.சி.' விசிறிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு மாதம் 16 யூனிட் மிச்சம். கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி முதல் கட்டாயம் என்பதால், இந்த வித்தியாசம் வாங்குபவர் கண்ணில் படுகிறது.

சிக்கனத்துக்குப் பின்னால் ஒரு புதிர் இருக்கிறது. இந்த விசிறியின் சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தங்கள்; அசையாத நடுப்பகுதியில் மூன்று தொகுதிச் செம்புச் சுருள்கள். காந்தம் இருக்கும் இடத்துக்கு ஏற்ற சுருளுக்குச் சரியான கணத்தில் மின்சாரம் கொடுத்தால்தான் அது முன்னே இழுபடும். கணம் தப்பினால் மோட்டார் உதறும், அல்லது நின்றுவிடும். காந்தம் எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது?

1902-ல் கொல்கத்தாவில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது இந்தக் கேள்வியே எழவில்லை. மோட்டாரில் உரசிக்கொண்டிருந்த கார்பன் பிரஷ், சுருள்களுக்கு மின்சாரத்தை முறைப்படி மாற்றிக் கொடுத்தது. ஆனால் பிரஷ் தேயும், தீப்பொறி பறக்கும். இன்று சந்துகளில் ஓடும் 'டோட்டோ' பேட்டரி ரிக்‌ஷாக்களின் மோட்டாரில் மூன்று ஹால் சென்சார்கள் காந்தத்தைக் கண்காணிக்கின்றன. ஆட்களின் பாரத்தோடு நின்ற இடத்திலிருந்து கிளம்ப அவை உதவுகின்றன. சூட்டிலோ ஈரத்திலோ அவற்றில் ஒன்று கெட்டாலும் வண்டி தடுமாறும்.

விசிறியில் பெரும்பாலும் அந்தக் காவலாளியும் இல்லை. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதிதான் துணை: காந்தம் கடந்து சென்றால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். எளிய முறையில், ஒரு சமயத்தில் இரண்டு தொகுதிச் சுருள்களில் மட்டுமே மின்சாரம் ஓடும். மூன்றாவது சும்மா இருக்கும். அதில் பிறக்கும் அழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தைச் சிறிய சிப் ஒன்று கவனித்து, காந்தத்தின் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. நுட்பமான வகைகளில், சுருள்களின் மின்னோட்டத்தை அளந்து கணக்குப் போட்டே இடம் கண்டுபிடிக்கப்படுகிறது. மோட்டாரே சென்சாராகிவிடுகிறது.

சிக்கல் தொடக்கத்தில்தான். நிற்கும் விசிறியில் அழுத்தம் பிறக்காது. சிப்புக்கு எதுவும் தெரியாது. ஆகவே முதலில் சுருளில் மின்சாரம் செலுத்திக் காந்தத்தைத் தெரிந்த ஓரிடத்துக்கு இழுத்துக்கொள்கிறது. பிறகு ஒரு குத்துமதிப்பில் மெல்ல வேகம் கூட்டுகிறது. போதிய அழுத்தம் பிறந்ததும் கணக்கு கைக்கு வருகிறது. புது விசிறி கிளம்பும்போது தயங்குவதும், சற்றுப் பின்னால் அசைவதும் பழுதல்ல, இந்தத் தேடல்தான். கால்பைசாகிப் புயல் ஜன்னல் வழியே புகுந்து விசிறியைத் தலைகீழாகச் சுற்றிவிட்டிருந்தால், அதை உணர்ந்து நிறுத்திவிட்டே கிளம்ப வேண்டும்.

உஷா விசிறிகளைத் தயாரித்த ஜெய் என்ஜினீயரிங் ஆலை ஒரு காலத்தில் இயங்கிய நகரம் இது. பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் அந்த ஆலை இருந்த இடத்தில் இன்று சவுத் சிட்டி அடுக்கு மாடிகளும் வணிக வளாகமும் நிற்கின்றன. ஆலை போனாலும் விசிறியைப் பிரித்து மாட்டும் தொழில் தெருவுக்குத் தெரு தங்கியது. பழைய விசிறி மக்கர் செய்தால் மெக்கானிக் கெபாசிட்டரை மாற்றுவார், இல்லையென்றால் காயில் கட்டுவார். கம்பியும் கைப்பழக்கமும் போதும். புது விசிறியில் போர்டு போனால் அந்தக் கைப்பழக்கம் உதவாது. போர்டு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சிப்புக்குள் எழுதிய கட்டளைகள் மெக்கானிக்கின் கைக்கு எட்டாதவை. வாரன்டி முடிந்தபின் மாற்று போர்டு கிடைக்காவிட்டால், நல்ல செம்பும் நல்ல காந்தமும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். சேமித்த யூனிட்டுகளும் புது விசிறியின் விலையில் கரைந்துவிடும்.

எத்தனை வாட் என்று கேட்டு வாங்குபவர்கள், போர்டு தனியாகக் கிடைக்குமா என்றும் சேர்த்துக் கேட்பது நல்லது.