எழுத்துரு என்னும் சாட்சி

பழைய தமிழ்ப் புத்தகங்களின் பக்கங்களைக் கட்டிய பேஜ்மேக்கர் மென்பொருள் 2001-இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுவிட்டது. 6.0 முதல் 7.0 வரை அதில் கட்டிய பக்கங்களை இன்டிசைன் மென்பொருளின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறந்தன. 2013-இல் வந்த சிசி பதிப்பு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்டிசைனில் தமிழ் யூனிகோடை ஒழுங்காகக் கோக்கும் வசதி வந்ததும் அதே சிஎஸ்6-இல்தான், 2012-இல். பழைய ஃபைலையும் புதிய தமிழையும் ஒருசேர அறிந்த இன்டிசைன் அது ஒன்றே. பதிப்பகங்கள் அந்தப் பதிப்பைத் தேடி அலைவதில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஃபைல் திறந்துவிட்டால் புத்தகம் மீண்டுவிட்டது என்று நினைப்பதில்தான் பிழை இருக்கிறது.

யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த ‘அம்மா’வை எடுத்துக்கொள்வோம். ஃபைலுக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். தமிழ் உருவம் முழுக்க எழுத்துருவின் உபயம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இன்டிசைன் அந்த வரிகளுக்கு இளஞ்சிவப்புப் பூசி ஆங்கிலக் குப்பையைக் காட்டும். ‘கொ’ இன்னும் சிக்கல்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். யூனிகோடிலோ க முன்னே, உயிர்க்குறி பின்னே.

‘யூனிகோடாக மாற்றத்தான் கன்வர்ட்டர் இருக்கிறதே, வரிகளை நகலெடுத்துப் போட்டால் போதாதா?’ என்று கேட்கலாம். பத்தி முழுதும் தமிழாக இருந்தால் போதும். நடுவே ஓர் ஆங்கிலச் சொல் வந்தால், அதிலுள்ள எம் என்ற எழுத்தையும் கன்வர்ட்டர் ‘அ’ ஆக்கிவிடும். எது தமிழ், எது ஆங்கிலம் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, ஒவ்வொரு துண்டுக்கும் எந்த எழுத்துரு என்று லேஅவுட் ஃபைல் வைத்திருக்கும் பதிவு. நகலெடுத்து ஒட்டும் கணத்தில் அந்தச் சாட்சி காணாமல் போகிறது. 1999-இல் தமிழக அரசு அறிவித்த டேப் குறியேற்றம் ஆங்கிலத்துக்குத் தனி இடம் விட்டிருந்ததால் இந்த ஆபத்து அதில் குறைவு. ஆனால் நம் ஃபைல்கள் எல்லாம் டேப் அல்லவே.

பிடிஎஃப் இருக்கிறது, அது போதும் என்பார்கள் சிலர். அச்சடிக்கப் போதும். தேடலில் ‘அம்மா’ என்று அடித்தால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. உள்ளே இருப்பது அதே குறிகள்தான். ஸ்கேன் செய்து எழுத்துணர்வு மென்பொருளிடம் கொடுப்பது, ஒருமுறை பிழை திருத்திய நூலை மறுபடி பிழையோடு வாங்கிக்கொள்வது. லிப்ரே ஆபீஸ் 4.4 முதல் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கிறது என்பதும் உண்மை. உள்ளிருக்கும் எழுத்தை அதுவும் மாற்றித் தராது.

ஆகவே சிஎஸ்6-இல் திறந்தவுடன் ஐடிஎம்எல் ஆகச் சேமிப்பது முதல் வேலை. அது எக்ஸ்எம்எல் கோப்புகளின் கட்டு. எழுத்துருப் பெயர் அதில் வெளிப்படையாக இருக்கும், புதிய பதிப்புகளும் திறக்கும். பிறகு எழுத்துரு வாரியாகத் தேடி, தமிழ்த் துண்டுகளை மட்டும் மாற்றலாம். அப்போதும் ஒன்று மிஞ்சும். வரி முடிவில் சொல்லைக் கையாலேயே உடைத்து ஹைபன் போட்டிருந்தால், புதிய எழுத்துருவில் வரி நகர்ந்ததும் அந்த ஹைபன் நடுவரியில் வந்து நிற்கும். எல்லா ஹைபனையும் ஒரேயடியாக அழித்தால் ஆண்டுகளுக்கு நடுவே வேண்டுமென்றே போட்ட கோடும் போய்விடும். அதை ஒவ்வொன்றாக, பிரூஃப் பார்ப்பவர்தான் எடுக்கவேண்டும்.